வர்த்தக ஒப்பந்தம் கூலியில் எங்கே கைவைக்கும்? இணைப்பைப் பிரித்துக் கணக்குப் போடும் முறை

தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தானதும் இரண்டு எண்கள் வெளியே வரும். ஏற்றுமதி எவ்வளவு கூடும் என்பது ஒன்று, எத்தனை லட்சம் வேலை வரும் அல்லது போகும் என்பது மற்றொன்று. தொழிற்சங்கத்தின் செயலாளருக்கும், ஆலையில் ஷிப்ட் பார்ப்பவருக்கும் இந்த இரண்டாலும் காலணாவுக்குப் பயனில்லை. நாடு முழுவதற்குமான சராசரியில் லாபப்பட்ட ஊரும் நஷ்டப்பட்ட ஊரும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, மிஞ்சுவது சின்ன எண்ணாகத்தான் இருக்கும். கூலி மாறுவது அந்தச் சராசரியில் அல்ல. ஒரு பொருளில், ஒரு ஊரில், ஒரு குறிப்பிட்ட ஆண்டில். அந்த மூன்றையும் ஒப்பந்தத்தின் இணைப்புகளிலிருந்தே, அதாவது பின்னால் சேர்த்திருக்கும் அட்டவணைகளிலிருந்தே, பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். ஒரு கால்குலேட்டரும் இரண்டு மூன்று நாள் பொறுமையும் போதும்.

முதலில் பொருளின் எண்

ஒப்பந்தத்தின் முன்னுரையையும் பொது அத்தியாயங்களையும் ஒதுக்கி வைத்துவிட்டு வரி அட்டவணைக்குப் போங்கள். அங்கே பொருளுக்குப் பெயர் முக்கியமில்லை, எண்தான் முக்கியம். பொருள்களை வகைப்படுத்தும் உலக சுங்க அமைப்பின் ஹெச்எஸ் எண்ணில் முதல் இரண்டு இலக்கம் அத்தியாயம், நான்கு இலக்கம் தலைப்பு, ஆறு இலக்கம் துணைத்தலைப்பு. ஆறு இலக்கம் வரை எல்லா நாட்டுக்கும் ஒன்றே. அதற்கு மேல் வரும் இலக்கங்கள் அந்தந்த நாட்டின் சொந்தம். பருத்திப் பின்னலாடை டி-ஷர்ட் 6109.10. அதே பருத்தியில் நெய்த துணியால் தைத்த ஆண்கள் சட்டை 6205.20. வெளியே இருப்பவருக்கு இரண்டும் 'ஆடை'. அட்டவணையில் இரண்டும் வேறு வேறு அத்தியாயம், வரி குறையும் வேகமும் வேறாக இருக்கலாம்.

எண்ணை ஊகிக்காதீர்கள். ஆலையின் ஏற்றுமதி இறக்குமதித் தாள்களில் அது அச்சாகியே இருக்கும். கணக்குப் பிரிவில் கேட்டால் கிடைக்கும். இன்னொரு வம்பு: ஹெச்எஸ் பட்டியலைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்துகிறார்கள், 2012, 2017, 2022 பதிப்புகள் உண்டு. பேச்சுவார்த்தை நீளமாக இழுத்த ஒப்பந்தம் பழைய பதிப்பில் எழுதப்பட்டிருக்கும். இன்றைய எண் அதில் இல்லையென்றால் பொருள் விட்டுப்போய்விட்டது என்று அர்த்தமில்லை. பழைய எண் எது என்பதை ஒப்பீட்டு அட்டவணையில் தேட வேண்டும்.

எந்த வரியிலிருந்து எந்த வரிக்கு, எத்தனை ஆண்டில்

எண்ணுக்கு எதிரே அடிப்படை வரியும் ஒரு பிரிவுக் குறியும் இருக்கும். குறிகளின் அர்த்தம் அட்டவணையின் தொடக்கக் குறிப்பில் இருக்கும்: முதல் நாளே பூஜ்யம், ஐந்து ஆண்டில் பூஜ்யம், பத்து ஆண்டில் பூஜ்யம், பாதி மட்டும் குறைப்பு, விலக்கு என்று பல வகை.

இங்கே பலர் வழுக்கி விழும் இடம் ஒன்று. உலக வர்த்தக அமைப்பில் ஒரு நாடு 'இதற்கு மேல் போகமாட்டேன்' என்று ஒப்புக்கொண்ட உச்சவரம்பு வரி வேறு. இன்றைக்குச் சுங்கத்தில் உண்மையில் வசூலாகும் வரி வேறு. உச்சவரம்பு 40 சதவீதம், வசூலிப்பது 10 சதவீதம் என்றால், '40 பூஜ்யமாகிறது' என்று யார் பேசினாலும் உண்மையான இறக்கம் 10 சதவீதப் புள்ளிதான். வசூல் வரி ஏற்கெனவே பூஜ்யமாக இருந்தால் ஒப்பந்தம் அந்த வரியில் எதையும் மாற்றவில்லை. 1996-இன் தகவல் தொழில்நுட்ப உடன்பாட்டில் சேர்ந்த நாடுகளில் கணிப்பொறி உள்ளிட்ட ஏராளமான மின்னணுப் பொருள்களின் கதை இதுதான்.

ஆண்டுக்கணக்கையும் அப்படியே நம்பிவிட முடியாது. ஆடை இறக்குமதிக்கு இருந்த கோட்டாக்களை (அளவு வரம்புகளை) ஒழிக்க 1995-இல் பத்தாண்டு அவகாசம் கொடுத்தார்கள். ஆனால் கட்டங்கள் 16, 17, 18 சதவீதம் என்று நகர்ந்து, மிச்சம் 49 சதவீதம் கடைசி நாளுக்கு விடப்பட்டது. 2005 ஜனவரி 1 அன்று பாதிச் சந்தை ஒரே நாளில் திறந்தது. அந்த ஆண்டே ஐரோப்பாவும் அமெரிக்காவும் சீன ஆடைகளுக்கு மறுபடி அளவு நிர்ணயிக்க வேண்டியதாயிற்று. எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ சேர்ந்து போட்ட நாஃப்டா ஒப்பந்தத்தில் மெக்சிகோ மக்காச்சோளத்துக்கு 2008 வரை அவகாசம் வாங்கி வைத்திருந்தது. ஆனால் கோட்டாவுக்கு மேல் வந்த சோளத்துக்கும் போட வேண்டிய வரியைப் பெரும்பாலான ஆண்டுகளில் அரசே போடவில்லை. காகிதத்தில் பதினான்கு ஆண்டுப் பாதுகாப்பு, வயலில் அது இல்லை. ஆகவே அட்டவணையைப் படிப்பதோடு நிற்காமல் சுங்க அறிவிக்கைகளையும் பாருங்கள்.

கூலிக்கு மிஞ்சுவது எவ்வளவு

இதுதான் மொத்தக் கணக்கின் இதயம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் போடுவோம்.

உலகச் சந்தையில் 100-க்கு விற்கும் ஒரு பொருள். அதற்கு 20 சதவீத இறக்குமதி வரி இருப்பதால் உள்ளூர் ஆலை 120 வரை விலை வைக்கலாம். அதைச் செய்ய 60 மதிப்புள்ள மூலப்பொருளும் உதிரியும் வேண்டும். அவற்றுக்கு 10 சதவீத வரி, ஆக 66 செலவு. 120-இல் 66 போக மிச்சம் 54. கூலி, வட்டி, தேய்மானம், முதலாளியின் லாபம் எல்லாம் இந்த 54-க்குள்தான். வரியே இல்லாவிட்டால் இது 40 ஆக இருந்திருக்கும். அதாவது, கடைசிப் பொருளுக்கு 20 சதவீதப் பாதுகாப்பு என்றாலும் ஆலைக்குள் நடக்கும் வேலைக்குக் கிடைத்தது 35 சதவீதப் பாதுகாப்பு.

இப்போது ஒப்பந்தம் வந்து முடிவுப்பொருளின் வரி பூஜ்யமாகிறது, மூலப்பொருள் வரி அப்படியே நிற்கிறது என்று வையுங்கள். 100-இல் 66 போக 34. விலை இறங்கியது ஆறில் ஒரு பங்கு. கூலிக்கும் லாபத்துக்குமான தொகை இறங்கியது 37 சதவீதம். முன்பு 54-இல் பாதி, 27, கூலிக்குப் போயிருந்தால் அதே கூலியைக் கொடுத்தபின் நிர்வாகத்திடம் நிற்பது 7. அடுத்த கூலிப் பேச்சில் என்ன நடக்கும் என்பதை இந்த 7 சொல்லிவிடும். மூலப்பொருள் வரியையும் சேர்த்து நீக்கினால் மிச்சம் 40. அடி 26 சதவீதமாகக் குறைகிறது.

ஆகவே முடிவுப்பொருளின் எண்ணை மட்டும் தேடி நிறுத்திவிடாமல், ஆலை வாங்கும் முக்கியமான ஐந்தாறு மூலப்பொருள்களின் எண்ணையும் எடுத்து அவற்றின் வரி எந்த ஆண்டில் குறைகிறது என்று பக்கத்தில் எழுதுங்கள். முடிவுப்பொருள் வரி முந்தி, மூலப்பொருள் வரி பிந்தி இறங்கும் அட்டவணை தொழிலாளிக்கு மோசமான அட்டவணை. சில துறைகளில் மூலப்பொருளுக்கு வரி அதிகம், முடிவுப்பொருளுக்குக் குறைவு என்று தலைகீழாகவும் இருக்கும். அங்கே ஒப்பந்தம் மூலப்பொருள் வரியை நீக்கினால் ஆலைக்கு நன்மையே. சங்கங்கள் பேச்சுவார்த்தைக் குழுவிடம் கேட்கத் தகுந்த மிக மலிவான சலுகை இந்த வரிசை மாற்றம். கேட்பவர்கள் குறைவு.

பிறகு கூட்டாளி நாட்டைப் பாருங்கள். அந்தப் பொருளில் இன்றைய இறக்குமதியில் அந்த நாட்டின் பங்கு 2 சதவீதம், மற்றதெல்லாம் ஒப்பந்தத்துக்கு வெளியே உள்ள நாடுகளிலிருந்து வருகிறது என்றால், புதிய சரக்கு பெரும்பாலும் மற்ற வெளிநாட்டுச் சரக்கின் இடத்தைத்தான் பிடிக்கும். உள்ளூர் ஆலைக்கு அடி குறைவு. கூட்டாளி நாடே உலகின் மலிவான உற்பத்தியாளர் என்றால் மேலே போட்ட 37 சதவீதம் முழுதாக வரும்.

பிறப்பிட விதி

வரிச்சலுகை கூட்டாளி நாட்டில் 'உருவான' பொருளுக்கு மட்டும். எது உருவானது என்பதைப் பொருள்வாரியான பிறப்பிட விதி சொல்லும். ஆடைக்கு நூலிலிருந்தே உறுப்பு நாட்டில் செய்திருக்க வேண்டும் என்ற விதி இருந்தால் நூற்பாலைத் தொழிலாளிக்கு அது கவசம். வெளியிலிருந்து மலிவுத் துணி வாங்கித் தைக்கும் ஆலைக்கு அதுவே முட்டுக்கட்டை. ஒரே விதி, இரண்டு தொழிலாளிகள், எதிரெதிர்ப் பலன்.

கூலியை நேரடியாகவே விதிக்குள் எழுதிய ஒப்பந்தம் 2020 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த அமெரிக்க–மெக்சிகோ–கனடா ஒப்பந்தம். காருக்கு 75 சதவீத மதிப்பு இந்த மூன்று நாடுகளுக்குள் உருவாக வேண்டும். அதோடு, பயணிகள் காரின் மதிப்பில் 40 சதவீதம், இலகு டிரக்கில் 45 சதவீதம், மணிக்கு சராசரியாக 16 டாலராவது கூலி தரும் ஆலைகளிலிருந்து வர வேண்டும். இந்த 16 விலைவாசியோடு ஏறுவதாக எழுதப்படவில்லை. பணவீக்கம் ஆண்டுதோறும் அதைத் தின்றுகொண்டே இருக்கும். வேறொரு ஓட்டையும் உண்டு. ஒப்பந்தம் வந்த நேரத்தில் அமெரிக்காவின் சாதாரண (ஒப்பந்தச் சலுகை இல்லாத) கார் வரி 2.5 சதவீதம். விதிக்குக் கட்டுப்பட ஆகும் செலவு அதைவிடக் கூடுதல் என்றால் சலுகையே வேண்டாம் என்று வரியைக் கட்டிவிட்டுப் போகலாம். டிரக் வரி 25 சதவீதம் என்பதால் அங்கே விதிக்குப் பல் இருந்தது. எனவே பிறப்பிட விதியைப் படிக்கும்போதெல்லாம் சாதாரண வரியைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

ஊர்க் கணக்கு

அடி விழுவது துறையில், வலி பரவுவது ஊரில். வேலை போன தையல்காரர் டீ குடிக்காமல் விட்டால், ஆட்டோ ஏறாமல் விட்டால், ஏற்றுமதி இறக்குமதியே தெரியாதவரின் கூலியும் குறைகிறது. பொருளியல் ஆய்வாளர்கள் ஹகோபியான், மெக்லாரன் இருவரும் நாஃப்டாவுக்குப் பிந்தைய அமெரிக்கக் கூலிகளை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டதும் இதைத்தான்: பாதிப்படைந்த வட்டாரங்களில் சேவைத் துறையில் இருந்த குறைந்த படிப்புக்காரர்களின் கூலி உயர்வும் பின்தங்கியது. கல்லூரிப் படிப்பு உள்ளவர்களுக்குப் பெரிய பாதிப்பில்லை.

ஊருக்கான அடியை அளக்க ஒரு சுலபமான வழி உண்டு. ஒரு வட்டாரத்தில் 50,000 பேர் வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 12,000 பேர் ஆடையில். வரி 20 புள்ளி இறங்குகிறது. 6,000 பேர் வாகன உதிரியில். 5 புள்ளி இறங்குகிறது. 12,000 பேர் விவசாயத்தில். அது ஒப்பந்தத்தில் விலக்கு, இறக்கம் பூஜ்யம். மீதி 20,000 பேர் கடை, கட்டுமானம், போக்குவரத்து. வெளிநாட்டோடு போட்டியுள்ள 30,000 பேரை மட்டும் எடுத்து எடை போட்டால் 12×20 + 6×5 = 270; அதை 30-ஆல் வகுத்தால் 9 புள்ளி. இதே கணக்கை எல்லா வட்டாரத்துக்கும் போட்டு அடுக்குங்கள். நாட்டுச் சராசரி 3 என்றால் இந்த ஊர் மூன்று மடங்கு அடி வாங்கப்போகிறது.

கடைக்காரரையும் கொத்தனாரையும் பூஜ்ய இறக்கம் என்று சேர்த்து 50-ஆல் வகுத்தால் 5.4 வரும், அடி சின்னதாகத் தெரியும். பிரையன் கோவக் 2013-இல் காட்டியதுபோல் அவர்களை வெளியே வைத்துக் கணக்கிடுவதே சரி. அவர்களின் விலையும் கூலியும் ஊரின் முக்கியத் தொழிலோடு சேர்ந்தே இறங்கும்.

'ஐந்து வருஷம் பொறுத்தால் சரியாகிவிடும்' என்று யாராவது சொன்னால் பிரேசிலைக் காட்டுங்கள். 1990-களின் தொடக்கத்தில் அங்கே நடந்த வரிக்குறைப்பைத் தொடர்ந்து பார்த்த டிக்ஸ்-கார்னெய்ரோவும் கோவக்கும், இருபது ஆண்டுக்குப் பின் வட்டார வருமானத்தில் தெரிந்த அடி, பத்தாம் ஆண்டில் தெரிந்ததைப்போல மூன்று மடங்கு என்று 2017-இல் எழுதினார்கள். ஆட்கள் வேறு ஊருக்குக் கிளம்பிப் போய் ஊர்க் கூலி சமநிலைக்கு வரும் என்ற பாடப்புத்தக எதிர்பார்ப்பு அங்கே பலிக்கவில்லை. முதலீடு மெல்ல மெல்ல ஊரை விட்டு நகர்ந்தது.

நல்ல பக்கத்துக்கும் இதே முறைதான். உங்கள் வரிக்குப் பதிலாகக் கூட்டாளி நாட்டின் வரி இறக்கத்தைப் போடுங்கள். 2001 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த அமெரிக்க–வியட்நாம் ஒப்பந்தத்தை பிரையன் மெக்கெய்க் ஆராய்ந்தபோது, அமெரிக்க வரிக்குறைப்பு அதிகம் கிடைத்த மாகாணங்களில் வறுமை வேகமாகக் குறைந்திருந்தது. வீட்டுத் தொழிலில் இருந்தவர்கள் முறையான நிறுவனங்களுக்கு நகர்ந்ததும் பதிவாகியிருக்கிறது. கனடா அமெரிக்காவுடன் போட்டு 1989-இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தில் இரண்டு முகமும் தெரியும். டேனியல் டிரெஃப்லரின் 2004 ஆய்வுப்படி, அதிக வரி இறக்கம் கண்ட துறைகளில் வேலை 12 சதவீதம் போனது. அதே ஒப்பந்தம் ஆலைகளின் உற்பத்தித்திறனையும் உயர்த்தியது. இரண்டாவதை மட்டும் மேற்கோள் காட்டுபவரும் முதலாவதை மட்டும் காட்டுபவரும் ஒரே கட்டுரையைத்தான் காட்டுகிறார்கள்.

கூலி எந்த வரிசையில் இறங்கும்

அச்சிட்ட அடிப்படைச் சம்பளம் பெரும்பாலும் கடைசியில்தான் அசையும். அதற்கு முன் ஓவர்டைம் நிற்கும், காலியான இடங்கள் நிரப்பப்படாது, ஒப்பந்தத் தொழிலாளர் போவார்கள், பீஸ் ரேட் திருத்தப்படும், ஒரு ஷிப்ட் மூடப்படும். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் கூலியைப் பிடித்து நிறுத்தினால் அடி வேலை நாள்களில் விழும். ஆகவே சம்பள விகிதத்தை மட்டும் கண்காணிப்பவருக்கு இரண்டு ஆண்டுக்கு ஒன்றும் தெரியாது. மாதச் சம்பளச் சீட்டில் கைக்கு வந்த மொத்தத் தொகை, வேலை செய்த மணி, ஒப்பந்தத் தொழிலாளர் எண்ணிக்கை மூன்றையும் ஒப்பந்தம் நடைமுறைக்கு வருவதற்குக் குறைந்தது பன்னிரண்டு மாதம் முன்பிருந்தே எழுதி வையுங்கள். முந்தைய எண் இல்லாமல் பிந்தைய எண்ணுக்கு அர்த்தமில்லை.

சரக்கு ஒன்றும் வராமலேயே கூலி அசையும் வழியும் ஒன்று இருக்கிறது: 'ஆலையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவோம்' என்ற பேச்சு. கார்னெல் பல்கலைக்கழகத்தின் கேட் பிரான்ஃபன்பிரென்னர், நாஃப்டா வந்த காலத்தில் அமெரிக்காவில் தொழிற்சங்கம் அமைக்க நடந்த முயற்சிகளை ஆராய்ந்து, ஏறத்தாழ பாதி முதலாளிகள் ஆலையை மூடுவதாக மிரட்டியதைப் பதிவு செய்தார். இதற்கு மேலே போட்ட கணக்குதான் பதில். 34-இல் ஓடும் ஆலையும் 40-இல் ஓடும் ஆலையும் ஒரே மிரட்டலை விடுக்கும். எது உண்மை என்பது மூலப்பொருள் அட்டவணையில் இருக்கிறது.

எதை ஒப்பந்தத்தின் தலையில் கட்டக்கூடாது

நாஃப்டா 1994 ஜனவரி 1 அன்று வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் மெக்சிகோவின் பெசோ சரிந்து சில மாதங்களில் ஏறத்தாழ பாதி மதிப்பை இழந்தது. 1995-இல் மெக்சிகோவில் கூலி வீழ்ந்ததைப் பத்துப் பதினைந்து சதவீத வரியின் கணக்கில் எழுதுவது தப்பு. உங்கள் கணக்கிலும் நாணய மாற்று விகிதத்தை மாதவாரியாக ஒரு தனிப் பத்தியில் போடுங்கள். நாணயம் 15 சதவீதம் அசைந்த ஆண்டில் 2 புள்ளி வரிக்குறைப்பின் தடம் தெரியாது.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு: வரி மாறவில்லை, அதனால் பாதிப்பு இல்லை என்று முடிவுகட்டுவது. சீனா 2001 டிசம்பர் 11 அன்று உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தபோது சீனச் சரக்குக்கு அமெரிக்கா வசூலித்த வரி பெரிதாக மாறவில்லை. குறைந்த வரியே பல ஆண்டாக நடைமுறையில் இருந்தது. ஆனால் அது ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்கும் சலுகையாக இருந்தது. புதுப்பிக்காவிட்டால் மிக உயர்ந்த பழைய வரி பாயும். அமெரிக்கா 2000-இல் இயற்றிய சட்டம் அந்தப் பயத்தை எடுத்துவிட்டது. அந்தப் பயம் பெரிதாக இருந்த துறைகளில்தான் அமெரிக்காவில் வேலை அதிகம் போனது என்று பியர்ஸும் ஷாட்டும் 2016-இல் காட்டினார்கள். 'நிரந்தரம்' என்ற சொல்லுக்கே ஒரு விலை உண்டு. முதலீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டுத்தான் ஆலை கட்டுகிறார்.

சேவை அத்தியாயத்தில் வரும் ஆள் நடமாட்டப் பகுதியைச் சுருக்கமாகப் பார்த்தால் போதும். அது பெரும்பாலும் நிறுவனத்துக்குள் மாற்றலாகும் அதிகாரிகளுக்கும் தொழில்முறை நிபுணர்களுக்குமானது.

தொழிலாளர் அத்தியாயத்தில் தேட வேண்டிய சொற்கள்

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் பெயர் எத்தனை முறை வருகிறது என்று எண்ணாதீர்கள். மீறலை எப்படி நிரூபிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது என்பதைப் பாருங்கள். தொழிலாளர் சட்டத்தை அமல்படுத்தவில்லை என்று, மத்திய அமெரிக்க நாடுகளுடனான ஒப்பந்தத்தின்கீழ் குவாத்தமாலா மீது அமெரிக்கா தொடுத்த வழக்கு 2017-இல் தோற்றது. சட்டம் அமலாகவில்லை என்பதற்கு ஆதாரம் இருந்தும், அந்த மீறல் தொடர்ச்சியானது, வர்த்தகத்தைப் பாதிக்கும் விதத்தில் நடந்தது என்று ஒப்பந்தத்தின் வாசகப்படி நிறுவ முடியவில்லை. 'வர்த்தகத்தைப் பாதிக்கும் விதத்தில்' என்ற அந்த ஒரு தொடர் வழக்கைக் கவிழ்த்தது. மேலே சொன்ன அமெரிக்க–மெக்சிகோ–கனடா ஒப்பந்தத்தில், எதிர்தரப்பு வேறுவிதமாக நிரூபிக்காதவரை வர்த்தகப் பாதிப்பு இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்று சுமை திருப்பி வைக்கப்பட்டது.

அதோடு தனி ஆலை மீதே புகார் கொடுக்கும் விரைவு முறையும் சேர்ந்தது. மெக்சிகோவின் சிலாவோ நகரில் உள்ள ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் 2021-இல் பழைய கூலி ஒப்பந்தம் மீதான வாக்கெடுப்பு முறைகேட்டுப் புகாரால் நின்றது. மே மாதம் அமெரிக்கா இந்த முறையைப் பயன்படுத்தியது. ஆகஸ்டில் மறு வாக்கெடுப்பில் தொழிலாளர்கள் பழைய ஒப்பந்தத்தை நிராகரித்தார்கள். 2022 பிப்ரவரியில் சுயேச்சைச் சங்கம் வென்றது. மே மாதம் 8.5 சதவீத உயர்வு பேசி முடித்தது. ஓராண்டுக்குள் சம்பளச் சீட்டு வரை வந்த தொழிலாளர் அத்தியாயம் அபூர்வம். அது வேலை செய்ததற்குக் காரணம் காலக்கெடு, தனி ஆலையையே பெயர் சொல்லிக் குறிவைக்கும் வழி, சலுகையை நிறுத்தும் அதிகாரம் மூன்றும் வாசகத்திலேயே இருந்தது. ஆலோசனை, கலந்துரையாடல், அறிக்கை என்று மட்டும் முடியும் அத்தியாயத்திலிருந்து கூலி உயர்வை எதிர்பார்க்க வேண்டாம்.

இறக்குமதி ஏறிய பிறகு

மூன்று கதவுகள் உண்டு, சாவிகள் வேறு வேறு. உலக வர்த்தக அமைப்பின் பாதுகாப்பு நடவடிக்கைக்கு இறக்குமதி ஏற்றம், கடுமையான பாதிப்பு, இரண்டுக்கும் காரணத் தொடர்பு மூன்றும் வேண்டும்; கிடைத்தால் நான்கு ஆண்டு, நீட்டித்தால் மொத்தம் எட்டு, வளரும் நாட்டுக்குப் பத்து. ஒப்பந்தத்துக்குள்ளேயே இருக்கும் இருதரப்புப் பாதுகாப்பு பல ஒப்பந்தங்களில் வரி படிப்படியாக இறங்கும் மாறுதல் காலத்தோடு காலாவதியாகும். அந்தத் தேதியை முதல் நாளே குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, இயல்பு விலைக்குக் கீழே, பெரும்பாலும் ஏற்றுமதி நாட்டின் உள்ளூர் விலைக்குக் கீழே, கொட்டப்படும் சரக்குக்கு எதிரான ஆன்டி-டம்பிங் வரி. அதற்கு மனுவை ஆதரிக்கும் உற்பத்தியாளர்கள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் குறைந்தது 25 சதவீதமும், கருத்துச் சொன்னவர்களின் உற்பத்தியில் பாதிக்கு மேலும் இருக்க வேண்டும். சில நாடுகளில் தொழிலாளர்களோ அவர்களின் பிரதிநிதிகளோ மனுச் செய்யவும் ஆதரிக்கவும் முடியும் என்று அந்த உடன்பாட்டின் 5.4-ஆம் பிரிவின் அடிக்குறிப்பே சொல்கிறது. உங்கள் நாட்டுச் சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நிர்வாகம் தானே இறக்குமதியாளராக மாறிவிட்டால் மனுப்போட சங்கத்தைத் தவிர ஆளிருக்காது.

மூன்றுக்கும் தேவையான சான்று ஒன்றே: ஹெச்எஸ் எண்வாரியான மாத இறக்குமதி அளவும் சராசரி விலையும். தனி மாதத்தைப் பார்க்காமல் மூன்று மாதக் கூட்டுத்தொகையை முந்தைய ஆண்டின் அதே மூன்று மாதத்தோடு ஒப்பிடுங்கள். கப்பல் தாமதமானதால் வரும் ஏற்ற இறக்கம் அதில் அடங்கிவிடும். மதிப்பை விட்டு எடையையோ எண்ணிக்கையையோ பாருங்கள். விலை பாதியாகி அளவு இரட்டிப்பானால் மதிப்பில் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும்.

வேலை போனவர்களுக்கான உதவித் திட்டம் ஒப்பந்தத்தில் இருக்காது, உள்நாட்டுச் சட்டத்தில் இருக்கும். அதன் நுழைவு வரம்பைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் உலகமயமாதல் சரிக்கட்டு நிதி 2007-இல் 1,000 பேர் வேலை இழந்தால்தான் என்று தொடங்கி, பிறகு 500 ஆகி, 2021 முதல் 200-க்கு இறங்கியது. அமெரிக்காவின் 1962-இல் பிறந்த வர்த்தகச் சரிக்கட்டு உதவியில் ஐம்பது வயது தாண்டியவர் குறைந்த சம்பளத்துக்கு வேறு வேலையில் சேர்ந்தால், பழைய புதிய சம்பள வித்தியாசத்தில் பாதியை ஒரு வரம்புக்குள் இரண்டு ஆண்டு வரை தரும் பிரிவு இருந்தது. பயிற்சி வகுப்பைவிட வயதான தொழிலாளிக்கு அதுவே அதிகம் பயன்படக்கூடியது. ஆனால் அந்தத் திட்டத்துக்கு நாடாளுமன்ற அனுமதி புதுப்பிக்கப்படாததால் 2022 ஜூலை 1 முதல் புதிய மனுக்களுக்குச் சான்றளிப்பது நின்றுபோனது. வரிக்குறைப்புக்கு முடிவுத் தேதி இல்லை, உதவிக்கு உண்டு. உங்கள் நாட்டுத் திட்டத்தின் காலாவதித் தேதியை வரி அட்டவணையின் கடைசி ஆண்டுக்குப் பக்கத்தில் எழுதி, நடுவில் எத்தனை ஆண்டு இடைவெளி விழுகிறது என்று பாருங்கள்.